சொல்லிறுதி ‘ஈ’: ஓர் ஒலியும் பல பணிகளும்

திருக்குர்ஆனின் 89ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துல் ஃபஜ்ர், நிம்மதியடைந்த ஆன்மாவை இறைவன் தன்பால் அழைக்கும் வசனங்களோடு நிறைவுறுகிறது. 28 முதல் 30 வரையுள்ள அவ்வசனங்களில் இர்ஜிஈ, உத்குலீ, இபாதீ, ஜன்னதீ என்னும் நான்கு சொற்கள் இடம்பெறுகின்றன. நான்கும் ‘ஈ’ என்னும் நெடிலில் முடிகின்றன. நான்கிலும் அவ்வொலியை ‘யா’ என்னும் ஒரே எழுத்தே குறிக்கிறது. ஆயினும் முதலிரு சொற்களில் அது செய்யும் பணி வேறு; பின்னிரு சொற்களில் செய்யும் பணி வேறு.

‘நஃப்ஸ்’ (ஆன்மா) என்பது அரபு மொழியில் பெண்பாற்சொல். ஆதலின் அதனை விளித்து இடும் கட்டளையும் பெண்பாலில் அமைதல் வேண்டும். இர்ஜிஈ (திரும்பிச் செல்வாயாக), உத்குலீ (நுழைவாயாக) என்னும் ஏவல்களின் இறுதியில் நிற்பது இந்த முன்னிலைப் பெண்பால் ‘யா’ ஆகும். இலக்கண நூலார் இதனை யாஉல் முகாதபா என்பர். இபாதீ (என் அடியார்கள்), ஜன்னதீ (என் சுவனம்) என்பவற்றில் நிற்பதோ பேசுவோனைச் சுட்டும் யாஉல் முதகல்லிம். முன்னது கேட்பவரைச் சுட்டுகிறது. பின்னது பேசுபவனைச் சுட்டுகிறது. இவற்றிடையே வரும் ‘ஃபீ’ (இல், உள்) என்னும் சொல்லின் ஈகாரம் விகுதியே அன்று, அச்சொல்லின் உறுப்பு.

இதே அத்தியாயத்தின் 15, 16ஆம் வசனங்கள் இன்னொரு நுட்பத்தைக் காட்டுகின்றன. அவற்றின் இறுதிச் சொற்களாகிய அக்ரமன், அஹானன் என்பவற்றில் ‘என்னை’ எனப் பொருள்படும் ‘யா’ எழுதப்படவில்லை. நூனின் கீழ் கஸ்ரு மட்டுமே உண்டு. நம் நாட்டில் வழங்கும் ஹஃப்ஸ் வழி ஓதலில் அங்கு நிறுத்தும்போது அந்தக் கஸ்ரும் மறைந்து நூன் ஸுகூனாகிவிடுகிறது. ஒலி மறைந்த பின்னும் ‘என்னை’ என்னும் பொருள் மறையவில்லை. ஒலி ஒன்றாக இருந்து பொருள் வேறாவதும், ஒலி நீங்கிய பின்னும் பொருள் எஞ்சுவதும் ஒரே அத்தியாயத்தில் நிகழ்வதைக் காண்கிறோம்.

ஆகவே ஒரு விகுதிக்குத் தன்னளவில் நிலையான பொருள் உண்டா என்னும் வினா எழுகிறது. இவ்வினா இலக்கண வகுப்போடு நின்றுவிடுவதன்று. இறைவசனத்தின் பொருளை உணர்வதும், ஓர் அறிஞர் எவ்வூரார் என்று துணிவதும், இரு மொழிகள் உறவுடையனவா என்று தீர்ப்பதும் சில வேளைகளில் இந்த ஓர் எழுத்தைச் சார்ந்து நிற்கின்றன.

அரபு மொழியில்

மேற்கூறிய இரண்டினும் வேறான மூன்றாவது ‘யா’ நாம் நன்கறிந்த நிஸ்பா ‘யா’. மக்காவிலிருந்து மக்கீ, மதீனாவிலிருந்து மதனீ, குறைஷிலிருந்து குறஷீ என்பன இவ்வாறு பிறந்தவை. ‘கிதாபீ’ என்று நாம் கூறும்போது நூல் நமக்கு உரியது. ‘மக்கீ’ என்று ஒருவர் தம்மைக் கூறும்போது மக்கா அவருக்கு உரியதன்று. அவரே மக்காவுக்கு உரியவர். ஒரே ஒலி, உரிமையின் திசை மட்டும் எதிராகிறது. ‘பலத்’ (ஊர்) என்னும் சொல்லில் இவ்விரண்டையும் ஒருங்கே காணலாம். பலதீ என்பது ‘என் ஊர்’ என்றும் பொருள்படும். ‘அவ்வூருக்குரியது, உள்ளூரது’ என்றும் பொருள்படும். நிஸ்பா ‘யா’ ஷத்து பெற்று, பலதிய்யுன், பலதிய்யன், பலதிய்யின் என வேற்றுமைக்கேற்ப ஈறு மாறும். பலதிய்யா எனப் பெண்பாலும் ஆகும். தன்மை ‘யா’ இம்மாற்றங்களை ஏற்பதில்லை. இலக்கணத்தில் இவ்வளவு வேறுபாடு இருந்தும், பேச்சில் சொல்லிறுதியில் நிறுத்தும்போது இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே செவியில் விழும்.

அரபு இலக்கணத்தின் முதற்பெருநூலை யாத்த இமாம் ஸீபவைஹி (ரஹ்), நிஸ்பாவைப் பற்றிய பகுதியை ‘இளாஃபா’ என்னும் பெயராலும் வழங்கினார். இளாஃபா என்பது இன்று நாம் ‘ஸைதின் நூல்’ போன்ற உரிமைத் தொடருக்கு வழங்கும் கலைச்சொல். ஒன்றை மற்றொன்றோடு சேர்த்தல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். ‘என்’ எனினும் ‘மக்காவைச் சார்ந்த’ எனினும் இரண்டும் சேர்த்தலே என்பதை அம்மேதை உணர்ந்திருந்தார்.

நான்காவது ஒன்றும் உண்டு. ஆண்பாற்பன்மையின் ‘ஈன’ என்னும் ஈறு, உரிமைத் தொடரில் நூனை இழந்து ‘ஈ’ என நிற்கும். 2ஆம் அத்தியாயத்தின் 196ஆம் வசனத்தில் வரும் ‘ஹாளிரீ’, 5ஆம் அத்தியாயத்தின் முதல் வசனத்தில் வரும் ‘முஹில்லீ’ ஆகியவை இவ்வகையின. இங்கு ‘யா’ பன்மையையும் வேற்றுமையையும் காட்டும் குறி. இதனைத் தன்மை ‘யா’ என்று கொள்ளும் மாணவர், புனிதப் பள்ளியின் அண்மையில் வாழ்வோரைப் பற்றிய சட்ட வசனத்தில் இல்லாத ஒரு ‘என்’னைச் சேர்த்துவிடுவார்.

பாரசீகத்திலும் உருதுவிலும்

அரபு ஸெமித்திய இனத்து மொழி. பாரசீகம் இந்தோ-ஐரோப்பிய இனத்தது. எழுத்து ஒன்றாயினும் இனம் வேறு. பாரசீகத்தில் சொல்லிறுதி ‘யா’ குறைந்தது ஐந்து பணிகளைச் செய்கிறது. ஷீராஸீ (ஷீராஸைச் சார்ந்தவர்) என்பதில் சார்பு. தோஸ்தீ (நட்பு) என்பதில் பண்புப்பெயர். மர்தே (ஒரு மனிதன்) என்பதில் ‘ஒரு’ என்னும் பொருள். ரஃப்தீ (நீ சென்றாய்) என்பதில் முன்னிலை ஒருமை. தீதனீ (காணத்தக்கது) என்பதில் தகுதிப்பொருள்.

நம் மதரஸாக்களில் பாரசீகம் பயின்ற முன்னோர் இவற்றை யாயெ மஃரூஃப், யாயெ மஜ்ஹூல் என இரு வகையாகப் பிரித்து ஓதினர். மஃரூஃப் ‘ஈ’ என்றும், மஜ்ஹூல் ‘ஏ’ என்றும் ஒலிக்கும். ‘ஒரு மனிதன்’ என்னும் பொருளில் மர்தே என ஓதுவது இம்மரபே. ஈரானில் இன்று இரண்டும் ‘ஈ’ என ஒன்றாகிவிட்டன. இந்திய, ஆப்கானிய மரபுகள் பழைய வேறுபாட்டைக் காத்தன.

இவ்வொற்றுமை எவ்வாறு நேர்ந்தது என்பதை மொழி வரலாறு தெளிவாக்குகிறது. இஸ்லாத்திற்கு முற்பட்ட நடுக்காலப் பாரசீகத்தில் சார்புப் பொருளுக்கு ‘ஈக்’ என்னும் ஈறும், பண்புப்பெயருக்கு ‘ஈஹ்’ என்னும் ஈறும் இருந்தன; ‘ஒரு’ என்னும் பொருளுக்கு ‘ஏவ்’ என்னும் சொல் இருந்தது. இறுதி மெய்கள் தேய்ந்து உதிர, தனித்தனியாக இருந்தவை ஒரே எழுத்தில் வந்து சேர்ந்தன. எனவே ஷீராஸீ என்பதன் ‘ஈ’ அரபு நிஸ்பாவிலிருந்து பிறந்தது என்று கருதுவது பொருந்தாது. அது பாரசீகத்தின் சொந்தச் சொத்து. அரபு நிஸ்பாவைச் சந்தித்தபோது ஒலியும் பொருளும் ஒத்துப்போனமையால் இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தின.

உருது மொழியில் மற்றொரு ‘ஈ’ உண்டு. லட்கா (சிறுவன்) என்பதன் பெண்பால் லட்கீ (சிறுமி). இது வடமொழியின் ‘இகா’ என்னும் பெண்பால் ஈறு பிராகிருதங்களின் வழியே தேய்ந்து வந்தது. சிறுமைப் பொருளையும் இது தரும்: பஹாட் மலை, பஹாடீ குன்று. அதே பஹாடீ என்னும் சொல் ‘மலைப்பகுதியைச் சார்ந்த’ என்றும் பொருள்படும்.

துருக்கியிலும் மலாயிலும்

துருக்கி மொழி இவ்விரு இனங்களுக்கும் புறம்பானது. அதில் ‘எவ்’ என்றால் வீடு. ‘எவி’ என்பது ‘அவரது வீடு’ என்றும் பொருள்படும். குறிப்பிட்ட ஒரு ‘வீட்டை’ என இரண்டாம் வேற்றுமையாகவும் நிற்கும். இவ்விரண்டும் துருக்கியின் சொந்த விகுதிகள். அரபியிலிருந்து ஏராளமான நிஸ்பாச் சொற்களும் அம்மொழியில் புகுந்தன. 1928இல் இலத்தீன் எழுத்து ஏற்கப்பட்ட பின் இதனால் ஒரு சிக்கல் எழுந்தது. தீன் என்னும் சொல்லோடு இகரம் சேர்ந்தால் ‘அதன் மார்க்கம்’, ‘மார்க்கத்தை’, ‘மார்க்கம் சார்ந்த’ ஆகிய மூன்றும் ஒரே வடிவாகிவிடும். ஆகவே நிஸ்பாவாக வரும் இகரத்தின் மேல் மட்டும் கூரை போன்ற ஒரு குறியை இடுவது எழுத்து விதியாயிற்று. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதைப் பிரித்துக் காட்ட ஒரு மொழியின் எழுத்துமுறையே முயன்றதற்கு இது சான்று.

மலாய் மொழி ஆஸ்திரோனேசிய இனத்தைச் சேர்ந்தது. அங்கு ‘இ’ வினையோடு சேரும் விகுதி. டுடுக் என்றால் அமர்தல். மெண்டுடுக்கி என்றால் ஓரிடத்தை ஆக்கிரமித்துக் கொள்ளுதல். செயலை ஓர் இடத்தின் மீது செலுத்துவதே இவ்விகுதியின் பணி. அரபு நிஸ்பாவும் இஸ்லாமியக் கல்வியின் வழியே அங்கு சென்றது. இன்சானி (மனிதம் சார்ந்த), துனியாவி (உலகம் சார்ந்த) போன்றவை அரபுச் சொற்களாகவே புகுந்தவை. பின்னர் துனியாவி என்பதன் ‘வி’யை விகுதியாகக் கொண்டு, இந்தோனேசிய மொழியினர் வடமொழியிலிருந்து முன்னரே வந்திருந்த சொற்களோடும் சேர்த்தனர். ‘மனுசியா’விலிருந்து மனுசியாவி (மனிதத் தன்மையுடைய), ‘சுர்கா’விலிருந்து சுர்காவி (சுவர்க்கத்துக்குரிய) என்பன பிறந்தன. வடமொழி வேரும் அரபு ஈறும் கொண்டு மலாய் மண்ணில் பிறந்த இச்சொற்கள், அத்தீவுகளின் சமய வரலாற்றைத் தம்முள் அடக்கியுள்ளன.

தமிழில்

தமிழில் இப்பணியைச் செய்வது குற்றியல்பான ‘இ’. தலைவி, தோழி என்பவற்றில் அது பெண்பால் விகுதி. ஓடி, பாடி என்பவற்றில் வினையெச்ச விகுதி. உழைப்பாளி, தொழிலாளி என்பவற்றில் ஆண் பெண் இருவர்க்கும் பொதுவாகச் செய்வோரைக் குறிப்பது. மண்வெட்டி என்பதில் கருவியையும், ஊரார் உண்ணும் நீர்நிலையாகிய ஊருணி என்பதில் செயப்படுபொருளையும், முக்காலி என்பதில் உறுப்பின் உடைமையையும் காட்டுவது.

இவற்றினும் வியப்புக்குரியது வேறொன்று. தொல்காப்பியமும் நன்னூலும் முன்னிலை ஒருமை வினைமுற்று விகுதிகளுள் இகரத்தையும் வைத்துள்ளன. பழந்தமிழின் வருதி, சேறி என்பவை ‘நீ வருகிறாய்’, ‘நீ செல்கிறாய்’ எனப் பொருள்படுவன. இங்ஙனம் அரபு உத்குலீ, பாரசீக ரஃப்தீ, தமிழ் வருதி மூன்றிலும் எதிரில் நிற்கும் ஒருவரைச் சுட்டுவது இகர ஈகார ஒலியே. மூன்றும் மூவேறு இனத்து மொழிகள்.

இதனால் பெறப்படுவது யாது?

இத்தகைய ஒப்புமைகளைக் கண்டவுடன், அரபுக்கும் தமிழுக்கும் வேர் ஒன்றே என முடிவுகட்டும் ஆர்வம் சிலரிடம் உண்டு. அவ்வார்வம் மொழிப்பற்றிலிருந்தோ மார்க்கப்பற்றிலிருந்தோ எழலாம். ஆனால் ஒரு விகுதியின் ஒற்றுமை அம்முடிவைத் தாங்காது. செம்மொழி அரபியில் உயிர்கள் குறில் மூன்று, நெடில் மூன்று மட்டுமே. பெரும்பான்மையான மொழிகளில் ‘இ’ உண்டு. விகுதிகளோ காலப்போக்கில் தேய்ந்து ஓரிரு ஒலிகளாகச் சுருங்கும் இயல்பின. குறைந்த ஒலிகளைக் கொண்டு மிகுந்த பணிகளைச் செய்யவேண்டிய மொழிகளில் தற்செயல் ஒற்றுமை தோன்றாதிருந்தால்தான் வியப்பு.

உண்மை உறவுக்கு அடையாளம், ஒரு விகுதியன்று. ஒரு வரிசை முழுவதும் ஒத்து வருதல். அரபியையும் எபிரேயத்தையும் ஒப்பிடுவோம். எபிரேயத்தில் ஸிஃப்ரீ என்றால் ‘என் நூல்’. இவ்ரீ என்றால் ‘எபிரேயன்’. பெண்ணை நோக்கி ‘எழுது’ என்பது கித்வீ. தன்மை, நிஸ்பா, முன்னிலைப் பெண்பால் ஏவல் ஆகிய மூன்று பணிகளிலும் ‘ஈ’ ஒத்து நிற்கிறது; வேர்ச்சொற்களும் ஒத்துள்ளன. இது குடும்ப உறவு. அவ்வாறே பாரசீகத்தின் பரம், பரீ, பரந்த் (சுமக்கிறேன், சுமக்கிறாய், சுமக்கின்றனர்) என்னும் ஈறுகள் வடமொழியின் பராமி, பரஸி, பரந்தி என்பவற்றோடு வரிசையாகப் பொருந்துகின்றன. அரபு, பாரசீகம், தமிழ் மூன்றையும் இவ்வாறு வரிசையாக நிறுத்தினால் முன்னிலை இகரத்திற்கு அப்பால் ஒற்றுமை தொடர்வதில்லை. அரபு ஈகாரம் பெண்ணை மட்டுமே சுட்டும். பாரசீகமும் தமிழும் அவ்வரையறையை அறியா.

எனவே இருவகை ஒற்றுமைகளைப் பிரித்தறிதல் வேண்டும். வருதியும் ரஃப்தீயும் ஒத்தல் தற்செயல். மனுசியாவியில் அரபு ஈறு நிற்பது தற்செயலன்று, அது கடன். தற்செயல் எவ்வரலாற்றையும் கூறாது. கடனோ இரு சமுதாயங்கள் சந்தித்த வரலாற்றைக் கூறும். மொழிகளின் வேறுபாட்டை இறைவன் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகவே கூறியிருக்க (30:22), அவ்வேறுபாட்டை மறுத்து எல்லாவற்றையும் ஒன்றாக்க நாம் முனைய வேண்டியதில்லை.

பெயர்களின் இறுதியில்

நிஸ்பா உறவு உண்டு என்று மட்டும் அறிவிக்கும். எவ்வகை உறவு என்பதை அறிவிக்காது. ஹதீஸ்கலை அறிஞர்கள் இதனை நன்குணர்ந்திருந்தனர். ஸஹாபியான அபூ மஸ்ஊத் அல்-பத்ரீ (ரலி) அவர்களின் பெயரில் உள்ள ‘பத்ரீ’ என்பதைக் கேட்டவுடன் அவர் பத்ருப் போரில் கலந்துகொண்டவர் என்றே கொள்ளத் தோன்றும். இமாம் புகாரீ (ரஹ்) அவரைப் பத்ருப் போராளிகளுள் ஒருவராகவே கணித்தார்கள். வரலாற்றாசிரியர்கள் பலரோ அவர் போரில் கலந்துகொள்ளவில்லை, பத்ரு என்னும் இடத்தில் குடியிருந்தமையால் அப்பெயர் பெற்றார் என்றனர். பத்ருப் போராளிகளுக்கு மார்க்கத்தில் உள்ள தனிச்சிறப்பை எண்ணினால் ஓர் எழுத்தின் பொருள் எத்துணைக் கனமுடையது என்பது புலனாகும். ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் ஹதீஸ்கலை நூலில், வெளித்தோற்றத்திற்கு மாறான உட்பொருள் கொண்ட நிஸ்பாக்களுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கி இவர் பெயரை அதில் சேர்த்தார்கள். ஹிஜ்ரி 562இல் மறைந்த இமாம் ஸம்ஆனீ (ரஹ்) நிஸ்பாக்களைத் தொகுத்து விளக்கும் பெருநூலையே இயற்றினார்கள். விகுதியை நம்பாது வரலாற்றை வினவியவர்கள் அவர்கள்.

நம் நாட்டு அறிஞர் பெயர்களுக்கும் இவ்விழிப்பு தேவை. காயல்பட்டினத்தார் தம்மை அரபியில் ‘காஹிரீ’ என எழுதுவது நீண்ட மரபு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் பெயரோடும் இந்நிஸ்பா வழங்குகிறது. எகிப்தின் தலைநகரான கெய்ரோவும் அரபியில் அல்-காஹிராவே. அந்நகரத்தாரும் காஹிரீ எனப்படுவர். இவ்வேறுபாட்டை அறியாதவர் ஓர் ஏட்டுச்சுவடிக்குப் பட்டியல் எழுதினால், பொருநைக் கரையோரத்தில் பிறந்த நூல் நீல நதிக்கரைக்குப் போய்ச் சேரக்கூடும்.

இதற்கு நேர்மாறாக, நிஸ்பா இழந்துபோகவிருந்த நினைவைக் காத்த நிகழ்ச்சியும் உண்டு. தமிழகக் கீழைக் கரையை அரபியர் ‘மஃபர்’ என்றனர். அங்கிருந்து கேரளத்திற்குக் குடிபெயர்ந்து பொன்னானியில் புகழ்பெற்ற மக்தூம் குடும்பத்தார், தலைமுறைகள் கடந்தும் ‘மஃபரீ’ என்னும் நிஸ்பாவைக் கைவிடவில்லை. நம் ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈன் இக்குடும்பத்து அறிஞர் யாத்தது. மலையாளக் கரையில் எழுந்த அந்நூலுக்கும் தமிழ்க் கரைக்கும் உள்ள தொடர்பை அவர்தம் குடும்பப் பெயரின் ஈகாரமே நமக்கு உரைக்கிறது.

இன்று நம் ஆலிம்கள் பெறும் பட்டங்களும் இவ்வகையினவே. லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் பயின்றோர் மன்பயீ. நீடூர் மிஸ்பாஹுல் ஹுதாவில் பயின்றோர் மிஸ்பாஹீ. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் பயின்றோர் பாகவீ. பாக்கியாத் என்பதன் பன்மை ஈறு நீங்கி, எஞ்சிய ‘யா’ வாவாகத் திரிந்து பாகவீ ஆனது முறையான இலக்கண விதிப்படியே. உமராபாத்தில் பயின்றோர் உமரீ எனப்படுகின்றனர். இங்கு நிஸ்பா கல்லூரியின் பெயரால் அன்றி ஊரின் பெயரால் அமைந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வழித்தோன்றல்களும் உமரீ என்றே வழங்கப்பெற்றனர். 14ஆம் நூற்றாண்டின் வரலாற்றறிஞர் இப்னு ஃபள்லுல்லாஹ் அல்-உமரீ அவ்வாறு பெயர் பெற்றவர். ஒன்று கல்வியால் வந்த உறவு. மற்றொன்று குருதியால் வந்த உறவு. பிற்கால ஆய்வாளர் ஒருவர் இவ்விரண்டையும் குழப்பாதிருக்க, பட்டம் பெறுவோர் தம் நூல்களில் ஊரையும் கல்லூரியையும் ஆண்டையும் தெளிவாகக் குறித்துவைத்தல் நன்று.

ஆகவே சொல்லிறுதியில் ‘ஈ’ வரும்போது மாணவர் மூன்றை வினவுதல் வேண்டும். அது ஒட்டிநிற்கும் சொல் பெயரா, வினையா? அச்சொல் எம்மொழிக்குரியது, எவ்வழியே இம்மொழிக்கு வந்தது? அத்தொடரில் பேசுபவர் யார், கேட்பவர் யார்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே அவ்வெழுத்துக்குப் பொருள் கூறுதல் முறை. நம் முன்னோர் ‘யா’வுக்கு வகைதோறும் தனித்தனிப் பெயரிட்டு மாணவர்களை மனனம் செய்வித்தது வெறும் ஏட்டுச்சுமைக்காக அன்று. இறைவாக்கில் ‘என்’ என்று உள்ள இடத்தில் அதனை உணரவும், இல்லாத இடத்தில் சேர்க்காதிருக்கவும் அவர்கள் செய்துவைத்த காவல் அது. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.